பேரேடு பேசுகிறது: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 'ஒன்லிஃபேன்ஸ்' என்றாலே வீட்டில் பிள்ளைகள் நமுட்டுச் சிரிப்பு சிரிக்கிறார்கள். அதன் முதலாளியாக இருந்தவர் வெளியே தலையே காட்டாதவராமே? அப்படியானால் அவருடைய வருமானம் மட்டும் பேப்பரில் எப்படி வந்தது?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: சிரிக்கக் காரணம் இருக்கிறதம்மா. சந்தா கட்டினால்தான் படமும் வீடியோவும் திறக்கும் தளம் அது. சமையல் சொல்லித் தருபவர்களும் உடற்பயிற்சி ஆசிரியர்களும் அங்கே உண்டு என்றாலும், கல்லாவை நிரப்புவது பெரும்பாலும் வயது வந்தோருக்கான சமாச்சாரம்தான்.

2016-ல் லண்டனில் டிம் ஸ்டோக்லி ஆரம்பித்தார். 2018-ல் தாய் நிறுவனமான ஃபெனிக்ஸ் இன்டர்நேஷனலின் பெரும்பங்கு லியோனிட் ராட்வின்ஸ்கி கைக்குப் போனது. உக்ரைனின் ஒடெசாவில் பிறந்து, சிறுவயதிலேயே சிகாகோ போய், நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தவர். 2004-லேயே வெப்கேம் தளம் ஒன்றைத் தொடங்கிவிட்டார். ஆகவே தொழிலுக்குப் புதியவர் இல்லை. பேட்டி, மேடை எதிலும் ஆளைப் பிடிக்க முடிந்ததில்லை.

ஆனால் ஆள் ஒளியலாம், கம்பெனி ஒளிய முடியாது. பிரிட்டனில் பதிவானது என்பதால் ஆண்டுக்கணக்கைக் கம்பெனீஸ் ஹவுஸ் என்ற அரசுப் பதிவகத்தில் தாக்கல் செய்தாக வேண்டும். அதை மன்னார்குடியில் உட்கார்ந்துகொண்டு நீங்களும் காசில்லாமல் படிக்கலாம். ஆடிட்டர் ஆபீஸிலேயே தலை நரைத்த எனக்கு சினிமா கிசுகிசுவைவிட இதில் ருசி அதிகம்!

கேள்வி: வெறும் கமிஷனிலா இத்தனை கோடி?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: ஆமாம். ரசிகர் கட்டும் 100 டாலரில் 80 படமும் வீடியோவும் போடும் படைப்பாளிக்கு, 20 கம்பெனிக்கு. 2024 நிதியாண்டில் ரசிகர்கள் கட்டியது சுமார் 720 கோடி டாலர். கம்பெனி வருவாய் சுமார் 141 கோடி. வரிக்கு முந்தைய லாபம் 68 கோடிக்கு மேல். அந்தக் கணக்கையொட்டி முதலாளிக்குப் போன டிவிடெண்ட், அதாவது லாபப் பங்கு, சுமார் 70 கோடி.

இதற்கு நேரடி ஊழியர்கள் ஐம்பது பேர்கூடக் கிடையாது. கேமரா, விளக்கு, வாடகை, ஒப்பனை எல்லாம் படைப்பாளியின் கைக்காசு. சரக்கு பிடிக்காத கமிஷன் மண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆபாசத்துக்கு ஆப்பிள் போனின் ஆப் ஸ்டோரில் இடமில்லாததால் எல்லாம் பிரவுசர் வழியாகவே நடக்கிறது. அதனால் ஆப்பிளுக்கு வெட்டவேண்டிய பங்கும் மிச்சம்.

நான் அடுத்துப் பார்த்தது மறுபக்கத்தை. படைப்பாளிகளுக்குப் போன தொகையை அவர்களுடைய 46 லட்சம் கணக்குகளால் வகுத்தால், ஒருவருக்கு மாதம் நூறு டாலர் சொச்சம். அதுவும் சராசரிதான். உச்சியில் இருக்கும் சிலர் அள்ளிக்கொண்டு போனபிறகு மற்றவர்களுக்கு என்ன மிஞ்சும்? வீட்டில் யாராவது வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கப்போகிறேன் என்றால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

கேள்வி: வங்கிகள் இதைக் கண்டுகொள்வதே இல்லையா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: கண்டுகொண்டார்கள். 2021 ஆகஸ்டில், அப்பட்டமான பாலியல் காட்சிகளுக்கு அக்டோபர் முதல் தடை என்று கம்பெனி அறிவித்தது. வங்கிகளின் நெருக்கடிதான் காரணம் என்றார் ஸ்டோக்லி. படைப்பாளிகள் கொதித்தெழ, ஒரே வாரத்துக்குள் தடை வாபஸ். இந்தக் கூத்து நடந்த நிதியாண்டிலும் ராட்வின்ஸ்கிக்கு இருபது கோடி டாலருக்கு மேல் டிவிடெண்ட் போயிருக்கிறது.