வில்லுப்பாட்டு கேசட்டுகளும் ஒற்றை டெவலப்பரும்

கேள்வி: சென்னையில் ஐடி வேலையில் இருக்கிறேன். சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். நெல்லையில் ஒரு கலை அறக்கட்டளை, தன்னிடமுள்ள வில்லுப்பாட்டு, கணியான் கூத்து கேசட்டுகளையும் ஏடுகளையும் வைத்து ‘ஒரு ஆப்’ செய்யக் கூப்பிடுகிறது. டெவலப்பர் நான் ஒருவன்தான். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ஆப் கடைசி வேலை. இதைச் சேரும் முன்பே நிர்வாகியிடம் சொல்லிவிடுங்கள். ஆண்டு விழாவுக்குள் ஆப் வந்தாக வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றால், யோசித்துச் சேருங்கள்.

முதலில் கேசட். நாடாவில் பூசணம் பிடிக்கும். கேசட்டை ஓட்ட நல்ல டெக் கிடைப்பதும் அரிதாகிவிட்டது. எம்பி3 மட்டும் எடுத்து வைப்பது போதாது. 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பாக எடுங்கள். ஸ்டீரியோவில் மணிக்குச் சுமார் 2 ஜிபி ஆகும். 300 மணி நேரப் பாட்டு ஒரே ஹார்ட் டிஸ்க்கில் அடங்கிவிடும். மூன்று பிரதி வேண்டும், அதில் ஒன்று வேறு ஊரில். 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது பட்டியல். உங்கள் பொழுதைத் தின்னப்போவது இதுதான். பழைய எக்செல் கோப்பு பாமினி மாதிரி, யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் இருக்கும். எழுத்துருவை மாற்றினால் வெறும் ஆங்கிலக் குப்பை. யூனிகோடுக்கு மாற்றியும் தொல்லை தீராது. ‘கொடை’ என்று தேடினால் பாதிப் பதிவுகள் வராது. ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு. சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி முறைக்கு, அதாவது இரண்டையும் ஒரே குறியீடாக்கும் யூனிகோடு முறைக்கு மாற்றுங்கள். ஔகாரக் குறிக்குப் பதில் ‘ள’ அடித்திருந்தால் அதுவும் உதவாது, கையால்தான் திருத்த வேண்டும்.

தேதிக் கட்டத்தில் காலண்டர் மட்டும் வைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். நம் பக்கத்து ஏடுகளில் கேரளத்தில் வழங்கும் கொல்லம் ஆண்டு இருக்கும். அது ஆவணியில் பிறப்பதால் கொல்லம் 1085 என்பது 1909-10. ஏட்டில் உள்ளதை அப்படியே ஒரு கட்டத்தில் எழுதி, ஆங்கில ஆண்டின் தொடக்கத்தையும் முடிவையும் தனியே வையுங்கள். ‘பங்குனி கடைசி வெள்ளி’ என்று மட்டும் இருந்தால் ஆண்டைக் காலியாக விடுங்கள். ஊகித்து நிரப்பாதீர்கள்.

கேசட் அறக்கட்டளையுடையது என்பதற்காகப் பாட்டும் அதனுடையது ஆகிவிடாது. பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துநர் உரிமை 50 ஆண்டு உண்டு. புலவரிடமோ அவர் பிள்ளைகளிடமோ எழுதி வாங்குங்கள். குடம் அடித்தவர், பக்கப்பாட்டுக்காரர் பெயர்களுக்கும் கட்டம் இருக்கட்டும். சில கதைகளைக் கோயிலுக்கு வெளியே போடக்கூடாது என்று ஊரார் சொல்வதுண்டு. ‘யார் கேட்கலாம்’ என்றொரு கட்டத்தை முதல் நாளே சேருங்கள். பின்னால் சேர்ப்பது பெரும்பாடு.

சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், பேசிப் பாருங்கள். ஆனால் இணைய முகவரி, சர்வர் கணக்கு எல்லாம் அறக்கட்டளையின் பெயரிலும் அதன் மின்னஞ்சலிலும் இருக்க வேண்டும். உங்கள் சொந்த ஜிமெயிலில் ஒன்றும் வேண்டாம்.