ஸ்கைவாக்கர் கதையின் கடைசிப் படம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

1977-ல் தொடங்கிய ஸ்டார் வார்ஸ் மூலக்கதை 2019 டிசம்பரில் ஒன்பதாவது படமான 'தி ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கர்' படத்தோடு முடிந்தது. ரசிகர்களுக்குள் அதைப் பற்றிய வாக்குவாதம் மட்டும் இன்னும் முடியவில்லை. இந்தப் படங்களைப் பல முறை பார்த்தவன், அவை உருவான விதத்தைத் தேடித்தேடிப் படித்தவன் என்பதால் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். கதையின் முடிவு வரை பேசப்போகிறோம். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

கேள்வி: அண்ணா, சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். படம் நல்லதா, இல்லையா?

நல்ல காட்சிகள் நிறைய இருக்கின்றன. ஆனால் முழுப் படமாக எனக்குப் பிடிக்கவில்லை. காரணம், இது பயந்து எடுத்த படம். இதற்கு முன் 2017-ல் ரியான் ஜான்சன் இயக்கிய 'தி லாஸ்ட் ஜெடை' ரசிகர்களை இரண்டாகப் பிரித்துவிட்டது. ஒரு பக்கம் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள், மறுபக்கம் கொதித்தார்கள். அந்தக் கொதிப்பை அடக்குவதிலேயே ஒன்பதாவது படத்தின் பாதி நேரம் போய்விடுகிறது. யாரையும் சமாதானப்படுத்தாமல், இரண்டு பேர் எதிரெதிரே நின்று பேசும் இடங்களில்தான் படம் உயிரோடு இருக்கிறது.

கேள்வி: வில்லன் பேரரசர் பால்பட்டீன் எப்படி உயிரோடு வந்தார்? 1983 படத்திலேயே அவருடைய சீடர் டார்த் வேடர் அவரைத் தூக்கிப் பள்ளத்தில் எறிந்துவிட்டாரே!

இதைக் கேட்காதவர்களே இல்லை. படம் தரும் விளக்கம் மிகவும் குறைவு. தொடக்க எழுத்துகளிலேயே அவர் குரல் கேட்டதாகச் சொல்லிவிடுகிறார்கள். அப்புறம் நாயகர்களில் ஒருவனான விமானி போ டாமெரன், எப்படியோ திரும்பிவிட்டார் என்கிற மாதிரி ஒரு வரி சொல்கிறான். இருட்டுப் பக்கத்தின் சக்தி, நகலாக்கம் என்று ஓரிரு குறிப்புகள் வருகின்றன. அவ்வளவுதான்.

அவரை உயிர்ப்பிக்கும் யோசனை புதிதல்ல. 1991-ல் தொடங்கிய 'டார்க் எம்பயர்' காமிக்ஸிலேயே நகலாக்கம் மூலம் அவரைக் கொண்டுவந்தார்கள். அங்கே கதை அதைச் சுற்றியே நடந்தது, பொறுமையாக விளக்கினார்கள். இங்கே அதற்கு நேரமே இல்லை. ஏழாவது, எட்டாவது படங்களில் இதற்கு ஒரு விதைகூடப் போடவில்லை. அதுதான் என் குறை. பால்பட்டீனாக வரும் இயான் மெக்டியார்மிட் நடிப்பில் ஒரு குறையும் இல்லை. 2019 ஏப்ரலில் சிகாகோ ரசிகர் விழாவில் முதல் முன்னோட்டத்தின் கடைசியில் அந்தச் சிரிப்பு கேட்டதும், அவரே மேடையில் வந்து நின்றதும், அரங்கம் அதிர்ந்ததைக் காணொளியில் பார்த்தபோது எனக்கும் சிலிர்த்தது. ஆனால் அந்தச் சிலிர்ப்பைத் தாங்கி நிற்கும் கதை படத்தில் இல்லை.

கேள்வி: சார், நாயகி ரே யாருமில்லாதவளாகவே இருந்திருக்கலாம் என்கிறார்கள் பலர். பால்பட்டீனின் பேத்தி என்று மாற்றியதில் அப்படி என்ன தவறு?

எட்டாவது படத்தில் எதிரணித் தலைவன் கைலோ ரென் அவளிடம் சொல்வது என்ன? உன் பெற்றோர் பழைய சாமான் விற்றவர்கள், குடிக்கிற காசுக்கு உன்னை விற்றுவிட்டார்கள், இந்தக் கதையில் உனக்கு இடமே இல்லை. ஒரு பெண்ணிடம் இதைவிடக் கொடுமையாக எதைச் சொல்ல முடியும்? அதையும் கேட்டுவிட்டு அவள் நிமிர்ந்து நின்றாள். பெரிய குலத்தில் பிறக்காதவளுக்கும் ஃபோர்ஸ் என்ற மாய சக்தி வசப்படும் என்று அந்தப் படம் சொன்னது. அதே படத்தின் கடைசிக் காட்சியில் குதிரை லாயத்துச் சிறுவன் ஒருவன் கையால் தொடாமலே துடைப்பத்தை இழுத்துக்கொள்கிறானே, அவனுக்கும் சேர்த்துத்தான் அந்தக் கதவு திறந்தது.

ஒன்பதாவது படம் அந்தக் கதவை மூடிவிட்டது. கெட்ட ரத்தம் உடம்பில் ஓடினாலும் நல்லவளாக வாழலாம் என்ற கருத்தும் நல்ல கருத்துதான், மறுக்கவில்லை. ஆனால் அதை ஏற்கெனவே முதல் மூன்று படங்களில் நாயகன் லூக் ஸ்கைவாக்கர் மூலம் சொல்லிவிட்டார்கள். வேடரின் மகன் அவன். ரே சொல்லவேண்டிய கதை வேறு.

கேள்வி: முதலில் வேறொருவர் இயக்குவதாக இருந்ததாமே? அந்தக் கதை வந்திருந்தால்?

ஆமாம், காலின் டிரெவாரோ. 2017 செப்டம்பரில் அவர் விலகினார். சில நாட்களில் ஏழாவது படத்தை எடுத்த ஜே.ஜே. ஆப்ராம்ஸ் திரும்ப வந்தார், கிறிஸ் டெரியோவுடன் சேர்ந்து புதிதாக எழுதினார். வெளியீடு 2019 மே மாதத்திலிருந்து டிசம்பருக்குத் தள்ளிப்போனது. அவ்வளவுதான் கிடைத்த கூடுதல் நேரம்.

டிரெவாரோவின் பழைய எழுத்துவடிவம் 2020 ஜனவரியில் வெளியே கசிந்தது. அதில் ரே சாதாரணப் பெற்றோரின் மகளாகவே இருக்கிறாள், எதிரிப் படையிலிருந்து தப்பி வந்த ஃபின் அந்தப் படைவீரர்களையே கிளர்ச்சிக்குத் தூண்டுகிறான். படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் காகிதத்தில் இருப்பதையும் எடுத்து முடித்த படத்தையும் ஒப்பிடுவது நியாயமில்லை என்பது என் கருத்து. அதோடு அது லூக்கின் சகோதரி லேயாவாக நடித்த கேரி ஃபிஷர் உயிரோடு இருந்தபோது எழுதிய வடிவம்.

என் கவலை கால அவகாசத்தைப் பற்றியது. 1977, 1980, 1983 என்று முதல் மூன்று படங்களுக்கும், 1999, 2002, 2005 என்று அடுத்த மூன்றுக்கும் இடையே மூன்று மூன்று ஆண்டுகள் விட்டார்கள். கடைசி மூன்றும் 2015, 2017, 2019. முந்தைய படத்துக்கு மக்கள் என்ன சொன்னார்கள் என்று நின்று யோசிக்கவே இடமில்லை. மூன்றுக்கும் சேர்த்து ஒரே கதைத்திட்டம் இருந்திருந்தால் இந்த அவசரம்கூடப் பெரிதாகத் தெரிந்திருக்காது.

கேள்வி: கேரி ஃபிஷர் 2016-லேயே இறந்துவிட்டார். பிறகு லேயா எப்படி இந்தப் படத்தில் பேசுகிறார்? முழுக்க கணினியில் செய்ததா?

இல்லை. ஏழாவது படத்துக்காக எடுத்து, அதில் சேர்க்காமல் விட்ட காட்சித் துண்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு, அவர் ஏற்கெனவே பேசியிருந்த வசனங்களுக்குப் பொருந்துகிற மாதிரி எதிரில் இருப்பவர்களின் வசனங்களை எழுதினார்கள். கேள்வியைப் பிறகு எழுதி, பதிலை முன்பே வைத்திருப்பது போன்ற வேலை. உற்றுக் கேட்டால் லேயாவின் பதில்கள் சுருக்கமாக, கொஞ்சம் பொதுவாக இருப்பது தெரியும்.

இளம் வயது லேயா லூக்கிடம் பயிற்சி பெறும் காட்சி வேறு. அதில் அவருடைய சொந்த மகள் பில்லி லூர்ட் உடல் அசைவைக் கொடுத்தார், அதன்மேல் பழைய படச்சுருளிலிருந்து அம்மாவின் முகத்தைப் பொருத்தினார்கள். இது தெரிந்த பிறகு அந்தக் காட்சியை என்னால் வெறும் தொழில்நுட்பமாகப் பார்க்க முடியவில்லை.

கேள்வி: ரோஸ் எங்கே போனாள்?

எனக்கு மிகவும் வருத்தம் தந்த விஷயம் இது. முந்தைய படத்தில் முக்கியப் பாத்திரம். இதில் மொத்தமாக ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல்தான் திரையில் வருகிறாள். அவளையும் லேயாவையும் வைத்து எழுதிய சில காட்சிகள், லேயாவின் பழைய படத்துண்டுகளோடு சரியாகப் பொருந்தாததால் நீக்கப்பட்டன என்று டெரியோ விளக்கினார். இருக்கலாம். ஆனால் நடிகை கெல்லி மேரி டிரான், ரசிகர்கள் என்று சொல்லிக்கொண்ட சிலரின் வசைமொழியால் 2018-ல் தன் இன்ஸ்டாகிராம் பதிவுகளை அழித்துவிட்டு ஒதுங்க வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் அவருடைய பாத்திரத்துக்கு நல்ல இடம் கொடுத்திருந்தால் அதுவே ஒரு பதிலாக இருந்திருக்கும்.

கேள்வி: நூறு கோடி டாலருக்கு மேல் வசூலித்த படத்தைப் போய்த் தோல்வி என்கிறார்களே?

தோல்வி இல்லை. சுமார் 107 கோடி டாலர் வசூல். ஏழாவது படம் 206 கோடியைத் தாண்டியது, எட்டாவது 133 கோடி. இறங்குமுகம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

கேள்வி: கடைசியில் ரே தன் பெயரை ஸ்கைவாக்கர் என்று சொல்வது சரியா? அதுவும் டாட்டூயின் கிரகத்தில் போய்?

பெயரை நான் ஏற்கிறேன். லூக்கும் லேயாவும்தான் அவளை வளர்த்தெடுத்த ஆசிரியர்கள். பெற்றவர் பெயரைவிட வளர்த்தவர் பெயரைத் தாங்குவது அழகுதான். இடம்தான் உறுத்துகிறது. லூக் தப்பித்துப் போகத் துடித்த ஊர் அது. லேயாவை ஜப்பா என்ற கொள்ளைக்கூட்டத் தலைவன் சங்கிலியில் கட்டி வைத்திருந்த ஊர். அவளுடைய லைட்சேபர் ஒளிவாளை அங்கே புதைப்பது லேயாவின் வாழ்க்கைக்குப் பொருந்தவில்லை. 1977-ல் லூக் பார்த்த இரட்டைச் சூரியனை நமக்கு மறுபடி காட்டத்தான் அங்கே போனார்கள். அது வந்ததும் ஜான் வில்லியம்ஸின் இசை எழும்பும்போது எனக்குக் கண் கலங்கியதும் உண்மை. ஒன்பது படங்களுக்கும் இசையமைத்தவர் அவர், இந்தப் படத்தில் ஒரு மதுக்கடைக்காரராகத் தலைகாட்டவும் செய்கிறார்.

கேள்வி: அக்காவும் நானும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். படத்தில் மிகச் சிறந்த காட்சி எது? ரோபோ சி-3பிஓ நண்பர்களைக் கடைசியாக ஒருமுறை பார்ப்பதுதான் என்கிறாள் அவள்.

அக்கா சொல்வது அருமையான காட்சி. ஒன்பது படங்களிலும் நடித்த ஆன்டனி டேனியல்ஸ் ஒற்றை வரியில் மனதைப் பிடித்துவிடுகிறார். ஆனால் அதற்குப் பிறகு அழிக்கப்படும் அந்த ரோபோவின் நினைவு கொஞ்ச நேரத்தில் திரும்பிவிடுகிறது. நாயகர்களின் தோழன் சூபாக்கா செத்துப்போனதாகக் காட்டி, சில நிமிடங்களில் உயிரோடு இருப்பதாகக் காட்டியதும் இதே கதைதான். இழப்பைக் கொடுத்த கையோடு திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

என் தேர்வு, டெத் ஸ்டார் என்ற உடைந்த போர் நிலையத்தின் மேல் அலைகள் மோத, பென் சோலோ (கைலோ ரெனின் உண்மைப் பெயர்) அப்பா ஹானைப் பார்க்கும் காட்சி. ஏழாவது படத்தில் பாலத்தின்மேல் நின்று, என்ன செய்யவேண்டும் என்று தெரியும், செய்யத்தான் பலமிருக்கிறதா என்று தெரியவில்லை என்றான் அவன். உடனே அப்பாவைக் கொன்றான். இங்கே அதே வார்த்தைகளை அதே அப்பாவின் நினைவுருவத்திடம் சொல்கிறான். 'அப்பா...' என்று தொடங்குகிறான், மேலே பேச்சு வரவில்லை. 'தெரியும்' என்கிறார் ஹான். 1980 படத்தில் காதலைச் சொன்ன லேயாவுக்கு அவர் சொன்ன அதே பதில். மன்னிப்புக் கேட்க வார்த்தை கிடைக்காத மகனுக்கு, கேட்காமலே கிடைக்கிறது. அதற்குப் பிறகு படம் முடியும்வரை பென் ஒரு முழு வாக்கியம்கூடப் பேசுவதில்லை, ஒரு இடத்தில் வலியில் 'ஆ' என்பதோடு சரி. ஆடம் டிரைவர் மிச்சத்தை நடையிலும் கண்ணிலும் செய்துவிடுகிறார்.

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. இந்த வரிசையைத் தொடங்கலாம் என்றிருக்கிறேன். எந்த ஒழுங்கில் காட்டட்டும்?

வெளிவந்த ஒழுங்கிலேயே காட்டுங்கள் அம்மா. 1977 படம் முதலில். வேடர் யார் என்ற ரகசியம் அவளுக்குத் தெரியாமலே இரண்டாவது படம் வரை போகட்டும். 2005-ல் வந்த படத்தின் முடிவில் நெருப்புக் காட்சி கடுமையானது, அதற்கு மட்டும் கொஞ்சம் வயதாகட்டும் என்று நினைத்தால் காத்திருக்கலாம். கடைசிப் படத்தில் பால்பட்டீன் இருக்கும் எக்ஸகோல் கிரகக் காட்சிகள் இருட்டாகவும் பயமாகவும் இருக்கும், மின்னல் ஒளி விட்டுவிட்டு அடிக்கும். வெளியான சமயத்தில் வலிப்பு நோய் உள்ளவர்களுக்கென்று டிஸ்னி எச்சரிக்கையே கொடுத்தது. வீட்டில் யாருக்காவது அந்தத் தொல்லை இருந்தால் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு பாருங்கள். இல்லையென்றாலும் அந்தப் பகுதியில் அறை விளக்கைப் போட்டுவிட்டு, மகளுக்குப் பக்கத்தில் உட்காருங்கள்.