ஆபரேஷனில் எடுத்த தோலில் கேன்சரே இல்லை என்று ரிப்போர்ட் வந்தால், ஆபரேஷன் வீணா?

கேட்டிருப்பது இதுதான்: மூக்கோரத்தில் இருந்த சின்னக் கட்டியைச் சீவி பயாப்ஸி எடுத்ததில் பேசல் செல் கார்சினோமா (ஒரு வகைத் தோல் கேன்சர்) என்று வந்தது, அப்புறம் சுற்றியுள்ள தோலோடு வெட்டி எடுத்தார்கள், அந்த ரிப்போர்ட்டில் 'கட்டி எஞ்சவில்லை' என்று இருக்கிறது, அப்படியானால் சும்மா வெட்டிவிட்டார்களா?

அந்த ஒரு வரியை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. நான் டாக்டர் இல்லை, நோய்க்கூறியல் லேபில் இந்தத் தோல் துண்டுகளுக்கு ஸ்லைடு போடுகிற டெக்னீஷியன். அந்த வரி எப்படி வருகிறது என்பதை மட்டும் தெரிந்த வரைக்கும் சொல்கிறேன்.

எடுத்த தோல், கெடாமல் வைக்கிற ஃபார்மலின் திரவத்தில் ஊறிக்கொண்டு வரும், திசை தெரிவதற்காக ஒரு முனையில் தையல் போட்டிருப்பார்கள். ஓரமெல்லாம் மை தடவி, ரொட்டியைத் துண்டு போடுவது மாதிரி இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்தில் குறுக்கே நறுக்கி, மெழுகில் பதித்து பிளாக் ஆக்குவோம். அதன் முகப்பிலிருந்து நான் சீவுவது நாலைந்து மைக்ரான்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள், 3 மில்லிமீட்டர் என்றால் 3000 மைக்ரான், அதில் 5 மைக்ரான் கண்ணாடிக்குப் போகிறது, மிச்சம் மெழுகுக்குள்ளேயே கிடக்கிறது. வெட்டிய விளிம்பில் ஒரு சதவீதம்கூட இந்த முறையில் கண்ணில் படுவதில்லை. ஆக, 'எஞ்சவில்லை' என்றால் பார்த்த சீவல்களில் இல்லை, அவ்வளவுதான். ஸ்லைடைப் பார்க்கிற டாக்டருக்குச் சந்தேகம் வந்தால் பிளாக்கை இன்னும் ஆழமாகச் சீவச் சொல்வார், மேலே வெறும் தழும்பாக இருந்த இடத்தில் கீழே போகப் போக, ஓரத்துச் செல்கள் வரிசை பிடித்து நிற்கிற ஊதா நிறப் பொடிக் கூட்டம் ஒன்று, அதாவது கட்டியின் மிச்சம், தட்டுப்படுவதும் உண்டு.

சரி, நிஜமாகவே ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். கட்டி சின்னதாக இருந்தால் பயாப்ஸியிலேயே பெரும்பகுதி போய்விடும், புண் ஆறும்போது வருகிற அழற்சி மிச்சம் மீதியை அழித்திருக்கலாம் என்றும் சொல்கிறார்கள். ஆனால் இதை ஆபரேஷனுக்கு முன்னால் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. மேல்தோல் வழவழவென்று மூடிக்கொள்வதை நம்பி ஏமாறுகிறவர்களும் உண்டு. பேசல் செல் கட்டி வெளியே தெரிகிற எல்லையைத் தாண்டி அடியில் பக்கவாட்டில் ஓடியிருக்கலாம், அதனால்தான் எல்லை தெளிவாகத் தெரிகிற சின்னக் கட்டிக்கே சுற்றிலும் 4 மில்லிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து எடுப்பது வழக்கம். பயாப்ஸி என்பது இது என்ன என்று தெரிந்துகொள்ளத்தான், அதில் 'ஓரம் சுத்தம்' என்று வந்தாலும் அதையே சிகிச்சையாக எடுத்துக்கொள்ள முடியாது. (கத்தி வைத்ததால் கேன்சர் பரவிவிடும் என்று பயாப்ஸியையே தள்ளிப்போடுகிறவர்களும் இருக்கிறார்கள். தோல் கட்டி விஷயத்தில் அந்தப் பயத்துக்கு ஆதாரமில்லை, தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.)

மெலனோமா (மச்சம் மாதிரி தெரிகிற, இன்னும் ஆபத்தான தோல் கேன்சர்) என்றால் பேச்சே வேறு. முழு மச்சத்தையும் பயாப்ஸியில் எடுத்திருந்தாலும் மறுபடி அகலமாக வெட்டுவார்கள், கட்டியின் ஆழம் 1 மில்லிமீட்டருக்குள் என்றால் 1 சென்டிமீட்டர், 2 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் 2 சென்டிமீட்டர்.

பேசல் செல் கட்டிக்கே திரும்பி வருவோம். முகத்தில் அதிகத் தோலை இழக்க முடியாது என்கிற இடங்களுக்குத்தான் மோஸ் சர்ஜரி. மெல்லிய அடுக்காக எடுத்து, ஓரம், அடிப்பகுதி முழுவதையும் அப்போதே உறைய வைத்துப் பார்த்து, கட்டி தெரிகிற பக்கத்தில் மட்டும் மறுபடி எடுப்பார்கள். முதல் முறையாக வந்த பேசல் செல் கட்டிக்கு இதைச் செய்தால் ஐந்து வருடத்தில் திரும்ப வருவது சுமார் 1 சதவீதம்தான்.

உங்கள் ரிப்போர்ட்டில் நான் முதலில் தேடுவது வேறு ஒரு வரி: 'முந்தைய பயாப்ஸியின் தழும்பு காணப்படுகிறது' என்று இருக்கிறதா? இருந்தால் சரியான இடத்தைத்தான் எடுத்திருக்கிறார்கள், நிம்மதியாக இருக்கலாம். கட்டியும் இல்லை, தழும்பும் இல்லை என்றால் உடனே டாக்டரிடம் கேளுங்கள், பக்கத்து இடத்தை வெட்டியிருக்க வாய்ப்பு உண்டு. ஆறின பயாப்ஸி இடத்தை நோயாளியே தப்பாகக் கைகாட்டுவது சகஜம். இனிமேல் ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் பயாப்ஸி எடுத்த அன்றே, கட்டுப் போடுவதற்கு முன்னால், காதோ கண்ணோ சேர்ந்து தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.