காண்டெக்ஸ்ட் கோப்பில் பாத் கொடுத்தும் டாம்கேட் பழைய முகவரியிலேயே திறக்கிறது

வெறும் டொமைனில் திறக்க வேண்டிய ஆப், 'ஸ்டோர்-1.2' என்ற பழைய முகவரியிலேயே திறக்கிறது என்பதுதான் உங்கள் சிக்கல். ஆப்பின் மெட்டா-இன்ஃப் ஃபோல்டருக்குள் இருக்கும் காண்டெக்ஸ்ட் கோப்பில் (ஆப்பின் அமைப்புக் கோப்பு) நீங்கள் எழுதிய பாத் மதிப்பை, அதாவது முகவரிப் பாதையை, ஜாவா வெப் ஆப்களை இயக்கும் சர்வரான டாம்கேட் படிக்கவே படிக்காது. டாம்கேட் ஆப்களை எடுக்கும் வெப்ஆப்ஸ் ஃபோல்டரில், வார் கோப்பின் (ஆப் முழுவதும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) பெயர்தான் முகவரி. அதனால்தான் 'ஸ்டோர்-1.2' என்றே திறக்கிறது.

வெறும் டொமைனிலேயே திறக்க:

1. டாம்கேட்டை நிறுத்துங்கள்.
2. வெப்ஆப்ஸில் ஏற்கெனவே உள்ள ரூட் ஃபோல்டரை அழியுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: அது இருந்தால் புது வார் விரியாது, பழைய வரவேற்புப் பக்கமே வரும்.
3. வார் கோப்புக்கு ரூட் என்று பெயரிடுங்கள். நான்கு ஆங்கில எழுத்தும் பெரிய எழுத்தில்.
4. 'ஸ்டோர்-1.2' என்ற பழைய பெயரில் வார் கோப்போ ஃபோல்டரோ மிச்சமிருந்தால் நீக்கிவிட்டு, டாம்கேட்டைத் தொடங்குங்கள்.

டாம்கேட்டின் பதிவுக் கோப்பான கேட்டலினா லாகில் ரூட் டிப்ளாய் ஆன (ஏற்றப்பட்ட) வரி வந்ததா பாருங்கள்.

டாம்கேட்டின் பொது அமைப்புக் கோப்பான சர்வர் எக்ஸ்எம்எல்லில் காண்டெக்ஸ்ட் வரி சேர்க்கும் யோசனை வேண்டாம். வார் வெப்ஆப்ஸுக்குள்ளேயே இருந்தால் ஆப் இரண்டு முறை ஏறும்.