செட்டில் ஆனவங்க கணக்கு

கேள்வி: எங்க காலேஜ் வாட்ஸ்அப் குரூப்ல தெனம் ஒருத்தன் வீடு, கார், க்ரீன் கார்டுன்னு போட்டோ போடுறான். எல்லாரும் செட்டில் ஆயிட்டாங்க, நான் மட்டும் ஊர்லயே கிடக்கேன். இவங்க கதையெல்லாம் தெரிஞ்சுக்கிறத விட்டுடலாமா? (ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: விடாதீங்க. ஆனா இந்த செட்டில்ங்கிறத மொதல்ல தூக்கிப் போடுங்க, இதோட நான் சண்டை போடுறது புதுசு இல்ல. கல்யாணம் ஆனா செட்டில், விசா வந்தா செட்டில், லோன்ல ஃப்ளாட் வாங்கினா செட்டில்! இருபது வருஷம் மாசாமாசம் அஞ்சாந்தேதிய நெனச்சு பயப்படுறவன் செட்டிலாம், பெத்தவங்கள பக்கத்துல வச்சுப் பாத்துக்கிட்டு காவிரிக்கரைல இருக்கிற நீங்க இல்லையாம். யாருங்க போட்ட கணக்கு இது?

கூடப் படிச்சவங்க வாழ்க்கைய நெஜமா தொடர்ந்து பாத்தவங்க ஹார்வர்டுல இருக்காங்க. 1938ல ஆரம்பிச்சு 268 மாணவர்கள எடுத்துக்கிட்டு, கல்யாணம், வேலை, போர், குடி, நோய்னு சாகுற வரைக்கும் கேள்வி அனுப்பிக்கிட்டே இருந்தாங்க, ஜான் கென்னடி கூட அதுல ஒருத்தர். 50 வயசுல கொலஸ்ட்ரால் எவ்வளவு இருந்துச்சுங்கிறத விட, அப்போ மனுஷங்களோட எவ்வளவு நெருக்கமா இருந்தாங்கங்கிறதுதான் 80 வயசு ஆரோக்கியத்த சரியா சொல்லுச்சாம். கார் போட்டோவுல இது எங்க தெரியும்?

போட்டோ போடுறவன விடுங்க, உங்க குரூப்ல யாரு இல்லன்னு பாத்தீங்களா? பாதிக்கு மேல பொண்ணுங்களா இருக்கும். கல்யாணத்தோட இனிஷியல் மாறிடுது, ஊர் மாறிடுது, நம்பர் மாறிடுது, பழைய பேர போட்டு ஃபேஸ்புக்ல எவ்வளவு தேடினாலும் கிடைக்க மாட்டாங்க. யூனிவர்சிட்டி ரேங்க் வாங்கின பொண்ணு இப்போ எங்க இருக்கான்னு அந்த செட்ல ஒருத்தருக்கும் தெரியாது, ஆனா எவன் எந்த கார் வாங்கினான்னு எல்லாருக்கும் தெரியும். எனக்கு இதுதாங்க ஆத்திரமா வருது. வேலை போனவன், வியாபாரத்துல நொடிச்சவன், உடம்பு முடியாதவன், இவங்களும் சத்தமில்லாம லெஃப்ட் ஆயிடுறாங்க, யாரும் போன் பண்ணி ஏன்டான்னு கேக்குறதில்ல.

கடைசி வருஷ ஆட்டோகிராஃப் நோட்டு வீட்டுல இருந்தா எடுங்க. அதுல எழுதினது பெரும்பாலும் அப்பா அம்மா வீட்டு அட்ரஸா இருக்கும். அந்த அட்ரஸுக்கு ஒரு இன்லேண்ட் லெட்டர் போடுங்க, வெல ரெண்டரை ரூபாதான், உள்ள வேற எதையும் வச்சு ஒட்டக்கூடாது, எழுத்து மட்டும்தான் போகும். பெத்தவங்க அந்த வீட்டுலயே இருந்தா கண்டிப்பா சேத்துடுவாங்க. பின்கோடு மட்டும் விட்டுடாதீங்க. 1972 ஆகஸ்ட் 15ல வந்த நம்பர் அது, மொத எண் 6ன்னா தமிழ்நாடாவும் இருக்கலாம், கேரளாவாவும் இருக்கலாம், அடுத்த எண்ணையும் பாத்தாதான் பிரியும். நம்ம பத்திரிகைக்கு வர்ற கடிதங்கள்லயே பாதி பேர் பின்கோடு எழுதுறதில்ல, பதில் போடணும்னு நெனச்சாலும் என்னால போட முடியல.