நான் யாரிடமும் சண்டை போட்டதில்லை!

அன்புள்ள மேடம்,

எனக்கு 38 வயது. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் சீனியர் மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். சரக்கு வாங்கும் பையரிடம் பேசி, ஆர்டரை முடித்துக் கொடுக்கும் வேலை. வீட்டில் ஒரு குறையும் இல்லை. பிரச்சினை எல்லாம் ஆபீஸில்தான். அதுவும் ஒரே ஒருவரால்.

எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர் என்னைவிட மூத்தவர். சேர்ந்த புதிதில் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். ஓவர்லாக் தையல் எங்கே வரும், ஃபிளாட்லாக் எங்கே வரும் என்று மெஷின் பக்கத்திலேயே நிற்க வைத்துச் சொல்லிக் கொடுத்தவர். போன தீபாவளிக்கு முன்னால் ஒரு ஆர்டர் தள்ளிப்போய், கப்பலில் போக வேண்டிய சரக்கை விமானத்தில் அனுப்பும்படி ஆகிவிட்டது. அதற்காக எம்.டி. கூட்டிய மீட்டிங்கில் எல்லார் முன்னாலும், "மெர்ச்சன்டைசிங்ல அப்ரூவல் வாங்கிக் கொடுத்தாத்தானே நாங்க கட்டிங் போட முடியும்?" என்று கேட்டார். டையிங்காரர்கள் கொடுத்த ஷேடைப் பையர் திரும்பத் திரும்ப ரிஜெக்ட் செய்தால் நான் என்ன செய்வேன்? அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து நான் அவரிடம் நேரில் பேசுவதில்லை. எல்லாமே மெயில்தான். எம்.டி.க்கும் ஒரு காப்பி போட்டுவிடுவேன், பின்னால் யாரும் வார்த்தை மாற்றக் கூடாது பாருங்கள். அவர் எங்கள் பக்கம் வந்தால் நான் போனை எடுத்துக்கொள்வேன். அவரும் சும்மா இல்லை. வாட்ஸ்அப் குரூப்பில் "அக்சஸரீஸ் இன்னும் வரவில்லை, லைன் சும்மா நிற்கிறது" என்று போடுவார். என் பெயர் இருக்காது, ஆனால் படிக்கிற எல்லாருக்கும் புரியும். ஒரு ஃபோன் போட்டு என்னிடமே கேட்கலாம் இல்லையா?

நான் சத்தம் போடும் ஆள் இல்லை மேடம். என் டிபார்ட்மென்டில் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை. என்னிடம் வேலை பார்க்கும் பிள்ளைகள் எல்லாம் அக்கா அக்கா என்றுதான் என்னைச் சுற்றி வருவார்கள். போன மாதம் ஒரு சிங்கிள் ஜெர்சி ஆர்டரில் 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு) வர வேண்டிய துணி 168தான் வந்திருக்கிறது. கட்டிங், தையல் எல்லாம் முடிந்து, பையரின் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில்தான் மாட்டியது. வெட்டுவதற்கு முன்னால் தெரிந்திருந்தால் துணியை நெருக்கிச் சுருக்கும் காம்பாக்டிங்கைத் திரும்பப் போட்டுச் சரிசெய்திருக்கலாம். என் அசிஸ்டென்ட் பெண்ணுக்கு அது முன்பே தெரிந்திருக்கிறது. "சொன்னா நீங்களும் சாரும் மறுபடி ஆரம்பிச்சிருவீங்களோன்னு சொல்லலக்கா" என்றாள். சின்னப் பெண், அதை விடுங்கள். அந்த விஷயத்திலும் அவர் என்ன செய்தார் தெரியுமா? துணியை வாங்கியது புரொடக்‌ஷன், பழி மட்டும் எனக்கு. மீட்டிங்கில் மறுபடியும் "மெர்ச்சன்டைசிங் ஃபாலோ அப் இல்லை" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆனாலே நெஞ்சு படபடக்கிறது. கணவர், "திருப்பூரில் கம்பெனிக்கா பஞ்சம், விட்டுவிடு" என்கிறார். நான் ஏன் விட வேண்டும்? எம்.டி.யிடம் நேராகப் போய் "அவரா நானா" என்று கேட்டுவிடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

---

அன்புள்ள சகோதரி,

"அதை விடுங்கள்" என்கிறீர்கள். நான் விடப்போவதில்லை. உங்கள் கடிதத்தில் என்னைத் தூக்கிவாரிப்போட்டது அந்த ஒரு இடம்தான்.

அந்தப் பெண் என்ன செய்திருப்பாள் என்று கொஞ்சம் பாருங்கள். ஜிஎஸ்எம் கட்டரைத் துணிமேல் வைத்துத் திருகி, சதுர மீட்டரில் நூறில் ஒரு பங்கு வருகிற மாதிரி வட்டமாக ஒரு துண்டு எடுத்திருப்பாள். தராசில் 1.68 கிராம் காட்டியிருக்கும். உங்கள் தொழிலில் 5 சதவீதம் கூடக்குறைய இருந்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள், இது அதற்கும் கீழே என்று அவளுக்குத் தெரியும். வேலை தெரிந்த பெண். அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் மேஜையைப் பார்த்திருப்பாள், அவருடைய கேபினைப் பார்த்திருப்பாள். இரண்டு பக்கமும் போகாமல் கட்டிங்குக்கு விட்டுவிட்டாள். துணி கெட்டுப்போவதைவிட நீங்கள் இருவரும் மோதிக்கொள்வது அவளுக்குப் பெரிய ஆபத்தாகத் தெரிந்திருக்கிறது. அவளைச் சின்னப் பெண் என்று ஒதுக்குகிறீர்கள். எனக்கென்னவோ உங்கள் கம்பெனியின் நிலவரத்தை உங்கள் எல்லாரையும்விடச் சரியாகக் கணித்தவள் அவள்தான் என்று படுகிறது.

உங்கள் டிபார்ட்மென்டில் சண்டையே வந்ததில்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஹார்வர்டில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் மருத்துவமனை வார்டுகளில் மருந்து மாறிப்போகும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்றுதான் அவரும் எதிர்பார்த்தார். பதிவேட்டைப் பார்த்தால் அங்கேதான் எண்ணிக்கை அதிகம்! பிறகுதான் அவருக்குப் பிடிபட்டது. நல்ல குழுக்களில் நர்ஸுகள் தவறை வாய்விட்டுச் சொன்னார்கள், அதனால் பதிவானது. மற்ற இடங்களில் திட்டு விழும் என்று மூடி மறைத்தார்கள். உங்கள் டிபார்ட்மென்டின் அமைதியும் அந்த இரண்டாவது வகையோ என்பதுதான் என் சந்தேகம். அக்கா அக்கா என்று சுற்றி வருபவர்கள் அக்காவுக்குப் பிடிக்காத சேதியைக் கொண்டுவருகிறார்களா? கடைசியாக யார், எப்போது கொண்டுவந்தார்கள்?

சத்தம் போடாதவர் என்பதால் உங்களை நீங்கள் சண்டைக்கு வெளியே நிறுத்திக்கொள்கிறீர்கள். ஆள் வந்தால் போனை எடுத்துக்கொள்வதும், ஒவ்வொரு மெயிலுக்கும் எம்.டி.யைச் சாட்சி வைப்பதும் சண்டைதானே அம்மா? ஊர் முழுக்கப் பார்க்கிற சண்டை. அவர் குரூப்பில் போடுவதும் நீங்கள் காப்பி போடுவதும் ஒரே காரியம்தான், ஆப்தான் வேறு.

அவர் செய்ததை நான் நியாயப்படுத்தவில்லை. தொழில் சொல்லிக் கொடுத்தவரே, விஷயம் தெரிந்தும் சபையில் உங்களைக் காட்டிக்கொடுத்தது வலிக்கத்தான் செய்யும். இன்னொருவர் சொல்லியிருந்தால் இவ்வளவு நாள் சுமந்திருக்க மாட்டீர்கள். அண்ணா என்று கூப்பிட்டவர் சொன்னதுதான் தாங்க முடியவில்லை. ஆனால் இதுவரை அந்த வலியை நீங்கள் அவரிடம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஷேட் அப்ரூவல், அக்சஸரீஸ், ஃபாலோ அப் என்று அதன் மேல் ஃபைலாக அடுக்கிக்கொண்டே போகிறீர்கள். இப்போது கம்பெனியில் என்ன கோளாறு நடந்தாலும் உங்கள் இருவருக்கும் அது சரிசெய்ய வேண்டிய வேலையாகத் தெரியவில்லை, எதிராளிமேல் போடும் கேஸுக்கு ஆதாரமாகத் தெரிகிறது. 168 ஜிஎஸ்எம் பற்றி நீங்கள் எனக்கு எழுதியதையே திரும்பப் படித்துப் பாருங்கள். அந்தப் பெண்ணுக்கு ஒரு வரி கொடுத்துவிட்டு உடனே "அவர் என்ன செய்தார் தெரியுமா" என்று போய்விட்டீர்கள்.

முதலில் அந்தப் பெண்ணிடம் பேசுங்கள். "ஏன் மறைத்தாய்" என்ற விசாரணை வேண்டாம். அவள் பயந்ததில் அர்த்தம் இருக்கிறது என்று உங்கள் வாயால் சொல்லுங்கள், போதும். அடுத்த முறை யாராவது இப்படி ஒரு சேதி கொண்டுவந்தால் "யார் பண்ணினது?" என்று ஆரம்பிக்காமல் "எத்தனை ரோல் கட்டிங்குக்குப் போயிருக்கு?" என்று கேளுங்கள்.

அப்புறம் அவரைத் தனியாகப் பாருங்கள். ஷிப்மென்ட் நெருக்கடி இல்லாத நாளாக இருக்கட்டும். துணியில் கோளாறு தெரிந்தால் பிள்ளைகள் யாரிடம் சொல்ல வேண்டும், சொன்னவர்களை இருவரும் எப்படிக் காப்பாற்றுவது என்று அங்கிருந்து தொடங்கினால் பேச்சு நகரும். தீபாவளி மீட்டிங் தானாக வரும். வரும்போது "அன்றைக்கு எனக்கு ரொம்ப வலித்தது" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மெயில் ஆதாரங்களை எடுத்துப்போக வேண்டாம்.

வேலையை விடுவது பற்றி இப்போது முடிவெடுக்காதீர்கள். ஞாயிறு மாலைப் படபடப்பு அதன் பிறகும் தொடர்ந்தால், அல்லது தூக்கம் கெட்டால், அருகிலுள்ள மனநல ஆலோசகரை நேரில் பாருங்கள்.

"அவரா நானா" என்று எம்.டி.யிடம் கேட்பது வேண்டவே வேண்டாம். பேசிப் பார்த்தும் அவர் குத்திக்காட்டுவதை நிறுத்தவில்லை என்றால் தாராளமாக எம்.டி.யிடம் போங்கள், என்ன நடக்கிறதோ அதை மட்டும் சொல்லுங்கள். அந்தப் பெண் துணியை எடை போட்டுப் பார்த்த விஷயம் மட்டும் அங்கே உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது.