எதை வைத்து ஒருவரைப் ‘போதைக்கு அடிமை’ என்கிறார்கள்?

கேள்வி: சாராயம், கஞ்சா, ஐஸ், தூக்கக் குளிசை எல்லாவற்றையும் எப்படி வகை பிரிக்கிறார்கள்? ஒருவர் அடிமையாகிவிட்டார் என்று டொக்டர்மார் எதை வைத்துச் சொல்கிறார்கள்?

நான் டொக்டர் இல்லை. திருகோணமலை டவுனில் ஒரு பார்மசியில் ஒன்பது வருடமாக நிற்கிறேன். சித்தப்பாவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனவனும் நான்தான். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

மருந்தியலில் வகை பிரிப்பது மூளையில் என்ன செய்கிறது என்பதை வைத்து. சாராயமும் டயசிபாம் போன்ற தூக்கக் குளிசையும் மூளையை மந்தமாக்குகிறவை, இரண்டும் கிட்டத்தட்ட ஒரே கதவைத்தான் தட்டுகின்றன. ஐஸ் என்கிற மெத்தாம்ஃபெட்டமினும் கொக்கெயினும் தூண்டிவிடுகிறவை. சிகரெட்டின் நிகோடினும் அந்தப் பக்கம்தான். அபின் வழியில் வருகிறவை ஹெரோயின், மோர்பின், கோடீன். டிரமடோல் ஆய்வுக்கூடத்தில் செய்தது என்றாலும் வேலை அதே வேலை. கஞ்சாவுக்குத் தனி இடம்.

சட்டம் பிரிப்பது வேறு கணக்கு. இலங்கையில் அடிப்படை, 1929ஆம் ஆண்டின் நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம். உலக அளவில் ஐ.நா.வின் 1961, 1971 ஒப்பந்தங்களில் அட்டவணைகள் இருக்கின்றன. கஞ்சா நெடுங்காலம் ஹெரோயினோடு மிகக் கடுமையான நான்காம் அட்டவணையில் கிடந்தது. 2020 டிசம்பரில் வாக்கெடுப்பு நடத்தி அதிலிருந்து எடுத்தார்கள், முதலாம் அட்டவணையில் இன்னும் இருக்கிறது. சாராயமும் சிகரெட்டும் இந்த அட்டவணைகள் எதிலும் இல்லை. ஆகவே சட்டத்தில் எங்கே இருக்கிறது என்பதை வைத்து ஒரு பொருள் எவ்வளவு ஆபத்து என்று கணக்குப் போடாதீர்கள்.

அம்மம்மாவுக்குப் புற்றுநோய் வந்து மோர்பின் எழுதிக் கொடுத்தபோது, “ஹெரோயின் தூளும் இதுவும் ஒரே சாதிதானே, கடைசிக் காலத்தில் மனுசியை அடிமையாக்கப் போறீங்களா?” என்று பெரியம்மா சண்டைக்கு வந்தார். சாதி ஒன்றுதான். ஹெரோயின் உடம்புக்குள் போய் மோர்பினாகத்தான் மாறுகிறது. நாள் போகப் போக அம்மம்மாவுக்கு அளவைக் கூட்டவும் வேண்டியிருந்தது, திடீரென்று நிறுத்தியிருந்தால் துடித்திருப்பார். ஆனால் டொக்டர் சொன்னபடி எடுக்கிற மருந்தில் இந்த இரண்டும் வந்தால் அதை அடிமைத்தனத்தின் அடையாளமாக எண்ணக்கூடாது என்று நோயறியும் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. நேரத்துக்குக் குடித்தார், வலி இல்லாமல் படுத்தார், அவ்வளவுதான். கடைசிவரை அவரால் விடமுடியாமல் போனது வெற்றிலை பாக்கைத்தான்.

சரி, சித்தப்பா. திருக்கடலூரில் மீன்பிடி. பத்ரகாளி அம்மன் கோயிலுக்கு நேர்த்தி வைத்தால் ஒரு சொட்டுத் தொடமாட்டார். “நினைச்சா விடுவன், நான் என்ன அடிமையா?” என்பது வருடா வருடம் கேட்கிற வசனம். ஒரு வருடம் நேர்த்தியின் இரண்டாம் நாள் விடியற்காலை வலிப்பு வந்து முற்றத்தில் விழுந்தார். பல வருடம் தினமும் குடித்த உடம்பில் சாராயத்தைச் சட்டென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் கை நடுங்கும், ஒன்றிரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அப்புறம் சித்தம் கலங்கி உயிரே போகலாம். ஹெரோயினை நிறுத்துவது நரக வேதனை, ஆனால் திடகாத்திரமான ஆள் அதனால் சாவது அரிது. கடையில் வாங்கக்கூடிய சரக்குதான் நிறுத்தும்போது ஆளைக் கொல்லும். குடிக்கிறவரை அறைக்குள் பூட்டி வைத்துத் திருத்தப் பார்க்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

கிளினிக்கில் டொக்டர் ‘எத்தனை போத்தல்’ என்று தொடங்கவே இல்லை. “ஒரு கால் மட்டும் என்று போய் அரை முடித்த நாள் உண்டா? குறைக்கப் பார்த்து முடியாமல் போனதா? முந்தி ஏறின அளவு இப்ப ஏறுதா?” சித்தப்பா என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். “காலமை கை நடுங்கும் டொக்டர், கொஞ்சம் விட்டால் நிற்கும். வலையைக் கோர்க்க ஏலாது, இல்லாட்டி.” டொக்டர் தாளில் கோடு போட்டுக்கொண்டே போனார். கடைசியில் ஏழு கோடு.

2013இல் வந்த அமெரிக்க நோயறியும் கையேடான டிஎஸ்எம்-5 அப்படித்தான் எண்ணுகிறது. 12 மாதத்துக்குள் 11 அறிகுறிகளில் இரண்டு மூன்று இருந்தால் இலேசு, நான்கு ஐந்து என்றால் நடுத்தரம், ஆறும் அதற்கு மேலும் என்றால் கடுமை. பொலிஸ் வழக்கில் மாட்டுவது முந்தைய பதிப்பில் ஓர் அறிகுறி. அதை எடுத்துவிட்டு, அடங்காத ஆசையைச் சேர்த்தார்கள். நல்ல மாற்றம் என்பேன், பொலிஸ் பிடிப்பது ஆளையும் தெருவையும் பொறுத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அது மூன்று விடயம் பார்க்கிறது: கட்டுப்பாடு கைவிட்டுப் போவது, மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அது வந்து நிற்பது, உடம்பு பழகிப்போவது. இரண்டு இருந்தால் போதும்.

சிறுநீர்ப் பரிசோதனை பற்றிக் கடையில் அடிக்கடி கேட்கிறார்கள். அது எடுத்தானா இல்லையா என்று மட்டும் சொல்லும். தொடர்ந்து கஞ்சா அடிக்கிறவருக்கு விட்டுச் சில வாரம் கழித்தும் காட்டும். அடிமையா என்பதற்கு அதில் பதில் கிடையாது. பிளேன் டீ குடிக்காவிட்டால் தலையிடி வருகிறவர்களும் பயப்பட வேண்டாம்: டிஎஸ்எம்-5 அந்தத் தலையிடியை ஒத்துக்கொள்கிறது, தேநீர் அடிமை என்று ஒரு நோயைச் சேர்க்கவில்லை.

சித்தப்பாவுக்கு இடையில் இரண்டு தரம் சறுக்கியது. இப்போது குடியை விட்டு 14 மாதம். 12 மாதம் தாண்டி ஓர் அறிகுறியும் இல்லாவிட்டால் நிலையான மீட்சி என்று எழுதலாம், ஆசை ஒன்றுக்கு மட்டும் விலக்கு இருக்கிறது, அது மிச்சம் இருந்தாலும் பரவாயில்லை. வாடைக் காற்றுக்குப் படகு இறங்காத நாட்களில் அவருக்கு அது இன்னும் வருகிறது. அப்போது எழும்பி வந்து எங்கள் பார்மசி வாசல் வாங்கில் இருந்து பேப்பர் பார்ப்பார்.